கதையில் வந்த சித்தி

(நாக்பூரில் நடந்த மகளிர் பிரிவுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆண்டு விழாவில் குழந்தைகளை வைத்து நாடகம் போடும் பொறுப்பைச் சில வருஷங்களாக நான் பார்த்து வருகிறேன். மற்ற ஊர்களில் இதைச் செய்பவர்களுக்கும் உபயோகப்படும் என்பதால் ஓர் அனுபவத்தைச் சொல்கிறேன்.

பிரகலாதன், மார்க்கண்டேயன் எல்லாம் போட்டாகிவிட்டது. "மாமி, இந்தத் தடவை ஹான்ஸல் கிரெட்டல் போடலாம்" என்று குழந்தைகளே கேட்டார்கள். ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் தொகுத்த கதை. பஞ்ச காலத்தில், மாற்றாந்தாயின் பேச்சைக் கேட்டு, ஒரு விறகுவெட்டி தன் இரு குழந்தைகளையும் காட்டில் விட்டுவிடுகிறான். அவர்கள் ரொட்டி வீட்டுச் சூனியக்காரியிடம் சிக்குகிறார்கள். கடைசியில் கிரெட்டல் அவளை அடுப்பில் தள்ளி அண்ணனைக் காப்பாற்றுகிறாள்.

'மாற்றாந்தாய்' என்பது குழந்தைகள் வாயில் நுழையவில்லை. 'சித்தி' என்று எழுதிவிட்டேன்.

முதல் ஒத்திகையில், கிரெட்டலாக நடித்த ஒன்பது வயதுப் பெண், "சித்தி நம்மளக் காட்டுல விட்டுடப் போறா" என்ற வசனத்தில் நின்றுவிட்டாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து நான் இரண்டு முறை எடுத்துக் கொடுத்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அம்மாவை இழந்த குழந்தை அவள். அப்பா மறுமணம் செய்துகொண்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அந்தச் சித்திதான் வாராவாரம் அவளை அழைத்து வந்து, ஒத்திகை முடியும் வரை கடைசி நாற்காலியில் காத்திருப்பவள்.

மறுநாள் அவளிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "நீங்க என்ன பண்ணுவேள் மாமி? கதைப் புஸ்தகத்துலேயே அப்படித்தானே இருக்கு" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

புஸ்தகத்தில் உண்மையிலேயே அப்படித்தான் இருக்கிறதா என்று தேடிப் படித்தேன். 1812-ல் வந்த முதல் பதிப்பில் குழந்தைகளைக் காட்டில் விடச் சொல்பவள் பெற்ற தாயேதான்! 1840-ல் வந்த நான்காம் பதிப்பில்தான் கிரிம் சகோதரர்கள் அவளை மாற்றாந்தாய் ஆக்கினார்கள். பழியை இடம் மாற்றி வைத்துவிட்டார்கள்.

இன்னொன்றும் தெரிந்தது. அடெல்ஹெய்ட் வெட்டே என்ற ஜெர்மானியப் பெண்மணி, தன் குழந்தைகள் வீட்டில் நடிப்பதற்காக இதே கதையை எழுதினார். அவருடைய அண்ணா ஹம்பர்டிங்க் பாட்டுகளுக்கு இசை அமைத்துக் கொடுத்தார். அதுவே வளர்ந்து முழு இசை நாடகமாகி 1893 டிசம்பர் 23 அன்று வைமார் நகரில் அரங்கேறியது. இன்றும் கிறிஸ்துமஸ் சமயத்தில் பல நாடுகளில் அதை நடத்துகிறார்கள். அதில் வருபவள் பெற்ற தாய்தான். ஆனால் கொடுமைக்காரி அல்ல. வீட்டில் பட்டினி, இருந்த ஒரே பால் ஜாடியும் கோபத்தில் உடைந்துபோகிறது. அந்த ஆத்திரத்தில், "போய்க் காட்டில் பழம் பறித்துக்கொண்டு வாருங்கள்" என்று விரட்டிவிடுகிறாள். காட்டில் சூனியக்காரி இருப்பதாகக் கணவன் சொன்னதும் பதறிப்போய், இருவருமாகத் தேடி ஓடுகிறார்கள்.

நாங்களும் அந்த வழியிலேயே மாற்றி எழுதினோம். காடு, இருட்டு, சூனியக்காரி எதையும் எடுக்கவில்லை. குழந்தைகளுக்குப் பயம் வேண்டியிருக்கிறது. பயந்து ஜெயிப்பதில்தான் அவர்களுக்கு ருசி. அடுப்புக்கு அட்டைப் பெட்டி, சிவப்புக் காகிதம், உள்ளே ஒரு டார்ச் லைட், அவ்வளவுதான். வெட்டே எழுதியபடியே, சூனியக்காரி ஒழிந்ததும் ரொட்டி பொம்மைகள் குழந்தைகளாக உயிர் பெறுகின்றன. வசனம் பேச வராத எட்டு வாண்டுகளுக்கு அதில் வேஷம் கிடைத்தது. சுவரில் நிஜ பிஸ்கட் மட்டும் ஒட்டாதீர்கள். எங்களுக்கு இடைவேளைக்குள் பாதி வீடு காணாமல் போய்விட்டது!

ஒத்திகையில் அந்தப் பெண் கேட்டாள்: "மாமி, அம்மா தேடிண்டு வந்ததும் நான் ஓடிப்போய்க் கட்டிக்கலாமா?" கட்டிக்கோ என்றேன். எல்லாக் குழந்தைகளுக்கும் ஏப்ரன் தைத்துக் கொடுத்தது அவள் சித்திதான்.

நான் சொல்ல விரும்புவது இதுதான். நாடகத்தைக் குழந்தைகள் கையில் கொடுப்பதற்கு முன், ஒவ்வொரு குழந்தையின் வீட்டையும் மனதில் வைத்து ஒரு தடவை படித்துப் பாருங்கள். நான் அதைச் செய்யத் தவறினேன்.