அண்டாவும் டம்ளரும்

பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவா, புதிதாக வந்த சின்ன சூப்பர்ஜூம் கேமராவா? எதை வாங்குவது? வயதைப் பார்க்காதீர்கள். ஒளி விழும் பரப்பைப் பாருங்கள். மழை பெய்யும்போது முற்றத்தில் ஒரு அண்டாவும் ஒரு டம்ளரும் வைத்தால், எதில் அதிகத் தண்ணீர் சேரும்? கேமராவில் ஒளி விழும் பரப்பான சென்சாரும் அப்படித்தான். பெரும்பாலான சூப்பர்ஜூம்களில் அது சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. டிஎஸ்எல்ஆரில் அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். அதனால்தான் கல்யாண மண்டபத்திலும் இரவுத் திருவிழாவிலும் பழைய கேமரா ஜெயிக்கிறது.

“சுமக்க முடியாதே” என்பீர்கள். நியாயம்தான். ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் ஆஸ்கார் பர்னாக் என்பவருக்கும் இதே கவலை இருந்தது. அந்தக் காலத்துக் கனமான கண்ணாடித் தகடுகளை விட்டு, சினிமா ஃபிலிமில் படமெடுக்கும் சின்னக் கேமராவைச் செய்தார். அதுதான் லைகா. 1925-ல் லைப்சிக் வர்த்தகச் சந்தையில் அறிமுகமானது. கவனியுங்கள். கேமராவைச் சுருக்கிய அதே மனிதர், படத்தின் பரப்பை சினிமா கட்டத்தைப் போல் இரண்டு மடங்காக்கினார். ஒளி விழும் இடத்தில் மட்டும் அவர் கஞ்சத்தனம் காட்டவில்லை.

“புதிய கேமரா படத்தைத் தானே சரிசெய்துவிடுமே?” செய்யும். இருட்டில் வரும் புள்ளிகளைத் துடைக்கும். கூடவே பட்டுப் புடவையின் நெசவையும் துடைத்துவிடும். நல்ல வெயிலில், ஏரியின் அக்கரையில் நிற்கும் நாரையைப் பிடிக்க வேண்டுமா? சூப்பர்ஜூமே வாங்குங்கள். அங்கே ஒளி தாராளம். அந்தத் தூரத்துக்கு டிஎஸ்எல்ஆர் லென்ஸ் கனமும் அதிகம், விலையும் அதிகம். வீட்டு விசேஷங்களுக்கென்றால் பழையதே போதும். ஷட்டர் எத்தனை தடவை இயங்கியிருக்கிறது என்று மட்டும் கேட்டு வாங்குங்கள்.