செண்பகாதேவிக்குத் தனியே ஒரு நடை

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)

தென்காசியிலிருந்து வருகிறேன் என்றதும், "ஐயா, சீசன் எப்படி?" என்றுதான் உங்களில் பாதிப்பேர் கேட்டீர்கள். நல்ல கேள்வி. அதையே இன்றைய பேச்சாக வைத்துக்கொள்கிறேன்.

குற்றாலம் என்றால் நமக்குப் பேரருவி, எண்ணெய்த் தேய்ப்பு, மங்குஸ்தான் பழம், ஈரத் தலையோடு சூடான பஜ்ஜி. நான் குறை சொல்லவில்லை. அந்த வரிசையில் நானும் நின்றவன்தான். ஆனால் தலையில் விழுகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மேலே ஏறிப் பார்த்தவர்கள் குறைவு. நான் ஒரு தரம் பார்த்தேன்.

1986 அக்டோபர் மாதக் கடைசி. மதுரையில் இறையியல் படிப்பை முடித்த புதிது, வயது இருபத்தைந்து. சீசன் முடிந்து கூட்டம் ஓய்ந்திருந்தது. தென்காசியில் டவுன் பஸ் ஏறி, இட்லிப் பொட்டலமும் கையுமாகக் காலையிலேயே குற்றாலத்தில் இறங்கினேன். சிற்றருவியைக் கடந்து மேலே போகிற பாதையில் செண்பகாதேவி அருவி ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். அந்நாளில் தடையில்லாமல் போகலாம். தனியாகப் போகாதே என்று பஸ் கண்டக்டரே சொன்னார். கேட்கிற வயசா அது?

கொஞ்ச தூரம் போனதும் கடைவீதிச் சத்தம் அடங்கிவிட்டது. ஒரு பக்கம் சிற்றாறு, மறுபக்கம் மரங்கள். ஒரு வளைவில் ஆற்றின் இரைச்சல் காதை அடைக்கும். அடுத்த வளைவில் ஒன்றுமே கேட்காது, இலையிலிருந்து சொட்டுகிற நீர் மட்டும். முந்தின இரவு பெய்த மழை விட்டு வெகுநேரமாகியும் மரங்கள் சொட்டிக்கொண்டே இருந்தன. காலில் ஏறிய அட்டையைத் தட்டிவிடக் குனிந்தேன். அப்போது உதிர்ந்த இலைகளுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். முழங்கை அளவுக்கு ஈரம், பிழிந்தால் தண்ணீர் வரும்போல. மழை நின்ற பிறகும் அருவி நாள்கணக்கில் விழுகிறதே, அது எப்படி என்று அன்றைக்குத்தான் விளங்கியது. காடு வாங்கி வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது.

செண்பகாதேவியில் ஒரு ஆள் இல்லை. செண்பக மரங்கள் நிறைந்த இடம் என்பதால் அந்தப் பெயர். அருவிக்குப் பக்கத்தில் அம்மன் கோயில் ஒன்று உண்டு. அதற்கும் மேலே தேனருவி; பாறை இடுக்குகளில் தேனடைகள் தொங்குவதால் வந்த பெயர். அவ்வளவு தூரம் போகத் தைரியம் வரவில்லை. ஆற்றின் நடுவே ஒரு தட்டைப் பாறையில் ஏறி உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். மேலே நல்ல வெயில். ஜெபிக்கலாம் என்று வந்தவன், சட்னியைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதே உண்மை.

கரையிலிருந்து ஒரு குரல். "ஏ தம்பி! எந்திரி! தண்ணி நெறம் மாறுது, பாக்கலியா?"

மலைத்தேன் எடுக்கிற பெரியவர் ஒருவர். தோளில் தகர டின். திரும்பிப் பார்த்தேன்; தெளிந்த தண்ணீரில் காவி ஓடியிருந்தது, சருகும் குச்சியுமாக மிதந்து வந்தது. அவர் இறங்கி வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். கரையேறி நாலு வார்த்தை பேசியிருப்போம். நான் உட்கார்ந்திருந்த பாறையைக் காணவில்லை. இட்லியும் போயிற்று.

"மழையே இல்லையே, ஐயா?" என்றேன்.

"இங்க இல்ல. மேல," என்றார் அவர். அவ்வளவுதான். டின்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்ததும், 17 வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு மரித்ததும் நீங்கள் செய்தியில் பார்த்ததுதான். அந்த வாரம் எங்கள் வார்டில் ஒரு தாயார் (அந்தக் குடும்பத்தார் அல்ல) என்னைக் கேட்டார்: "அத்தனை பேர் குளிச்சிட்டு இருக்கும்போது எப்படிங்கய்யா திடீர்னு வரும்?"

படுக்கைகளின் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ 'ஏன்' கேட்டிருக்கிறேன். பெரும்பாலானவற்றுக்கு என்னிடம் பதில் கிடையாது. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் "எல்லாம் சித்தம்" என்று நான் எழுந்து போனால் அது தப்பு.

ஜூன் முதல் ஆகஸ்டு வரை மலைக் கணவாய் வழியாக வருகிற தென்மேற்குப் பருவக்காற்று பெரும்பாலும் சாரலாகத் தூவுகிறது. அதைக் காடு தாங்கிக்கொள்ளும். கோடையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் வருகிற இடிமழை அப்படியல்ல. கொஞ்ச நேரத்தில் ஒரே இடத்தில் கொட்டிவிடும். மலை செங்குத்து, அடியில் பாறை. மேலே கொட்டினது அத்தனையும் ஒரே ஓடையில் திரண்டு, நிமிஷக்கணக்கில் கீழே வந்து நிற்கும். கீழே நிற்பவன் தன் தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் பார்த்து மழை இல்லை என்கிறான்.

பேரருவியில் மட்டும் ஒரு சகாயம் உண்டு. தண்ணீர் நேரே விழாமல் பாதியில் பொங்குமாகடல் என்ற பாறைக் குழியில் விழுந்து, வேகம் தணிந்து, பிறகுதான் நம் தலைக்கு வருகிறது. அதுவும் சாதாரண நாளில்தான். வெள்ளம் வந்தால் பாதுகாப்பு வளைவையும் தாண்டிக் கொட்டும். அப்போது காவலர்கள் கயிறு கட்டித் தடுப்பார்கள். "எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறோம், ஐந்தே நிமிஷம்" என்று அவர்களோடு வாதாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் நம் சபையாரும் உண்டு. தயவுசெய்து வாதாடாதீர்கள். செண்பகாதேவிக்கும் தேனருவிக்கும் இப்போது வனத்துறை பொதுவாக ஆட்களை விடுவதில்லை. எனக்கு அந்தப் பாதையின் மேல் இன்னும் ஆசைதான். ஆனாலும் அது சரியான முடிவென்றே சொல்வேன்.

போன சீசனில் பேரப்பிள்ளைகளை ஐந்தருவிக்குக் கூட்டிப் போனேன். சின்னவன் நனைந்த தலையோடு ஓடிவந்து, "தாத்தா, நீங்க குளிக்கலியா?" என்றான்.

"நீ குளி. நான் தண்ணீரைப் பார்த்துக்கிட்டு நிக்கேன்," என்றேன். துண்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு, அவர்கள் கரையேறுகிற வரைக்கும் அப்படியே நின்றேன்.