பரங்கிப்பேட்டை இரும்பும் காப்புரிமையும்

காப்புரிமை பெற்ற புதுமைகளைப் பற்றிப் பேசுமாறு வானொலி நிலையத்தார் என்னைக் கேட்டுக்கொண்டபோது, எடிசனையும் ஜேம்ஸ் வாட்டையும் கொண்டு தொடங்குவது எளிது என்று முதலில் எண்ணினேன். ஆனால் அவர்களுடைய வரலாறு உங்கள் பாட நூல்களிலேயே இருக்கின்றது. ஆகவே என் ஊருக்கு அண்டையில் நிகழ்ந்த ஒன்றைக் கொண்டு தொடங்குகின்றேன்.

நான் வாழும் ஊர் கிள்ளை. சிதம்பரத்தில் கடலூர் செல்லும் இரயிலில் ஏறினால் முதலில் வருவது கிள்ளை. வெள்ளாற்றைத் தாண்டியதும் பரங்கிப்பேட்டை. இன்று அவ்வூருக்குச் செல்வோர் ஆற்று முகத்துவாரத்தையும், மீன்பிடி படகுகளையும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையத்தையும் கண்டு திரும்புவர். 1830-ஆம் ஆண்டில் அங்கே ஐரோப்பிய முறையில் ஓர் இரும்பாலை எழுந்தது என்பதை அறிந்தோர் சிலரே. அதனை நிறுவியவர் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை அரசாங்கத்தில் உத்தியோகம் பார்த்தவர். சேலத்தில் இருந்தபோது அம்மலைகளின் இரும்புத் தாதுவைக் கண்டு மயங்கியவர். உத்தியோகத்தைத் துறந்து, இங்கிலாந்து சென்று இரும்புத் தொழிலைக் கற்று, மீண்டு வந்து உலை மூட்டினார். தாது சேலத்திலிருந்து வந்தது. எரிபொருள் காட்டு மரக்கரி. கரிக்குக் காடு போதவில்லை; பணமும் போதவில்லை. அவருக்குப் பின் வேறொரு கம்பெனி எடுத்து நடத்திப் பார்த்தது. அந்த நூற்றாண்டு முடியுமுன்பே பரங்கிப்பேட்டை உலைகள் அணைந்துவிட்டன.

ஆனால் ஹீத் உலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவரல்லர். நம் நாட்டுக் கொல்லர்கள் எஃகு செய்யும் முறையை உற்று நோக்கி எழுதியும் வைத்தார். தேனிரும்பைச் சிறு துண்டுகளாக்கி, உலர்ந்த ஆவாரைக் குச்சிகளை நறுக்கி அதனோடு சேர்த்து, களிமண் மூசையில் இட்டு, மேலே எருக்கிலை போன்ற பச்சிலையை வைத்து, வாயைக் களிமண்ணால் அடைத்து, உலையில் ஏற்றித் துருத்தி ஊதுவார்கள். ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில் மூசைக்குள் எஃகுக் கட்டி உருவாகிவிடும். அக்காலத்து ஷெஃபீல்டு நகரிலோ, இரும்புப் பாளங்களைக் கரித்தூளுக்குள் புதைத்து ஆறேழு நாள் காய்ச்சி, பிறகு அதனை மீண்டும் உருக்கவேண்டியிருந்தது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்ன என்று ஹீத் ஆராய்ந்தார். இங்கிலாந்தில் 1800-இல் டேவிட் மஷெட் ஒரு காப்புரிமை பெற்றிருந்தார். இரும்பையும் கரிப்பொருளையும் ஒரே மூசையில் உருக்குவது அவர் முறை. 1825-இல் சார்லஸ் மாக்கின்டாஷ் வேறொரு காப்புரிமை பெற்றார். காய்ந்த இரும்பின்மேல் கரியும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவைச் செலுத்துவது அவர் முறை. இவ்விரண்டு தத்துவங்களும் ஆவாரைக் குச்சியும் எருக்கிலையும் இட்ட அந்த மண் மூசைக்குள் ஒருங்கே அடங்கியிருக்கின்றன என்று 1839-இல் வெளியான தம் கட்டுரையில் அவர் எடுத்துக்காட்டினார்.

இங்கே சற்று நின்று, காப்புரிமை என்பது யாது என்று பார்த்துவிடுவோம். புதிதாக ஒன்றைக் கண்டவனுக்கு அரசு கொடுக்கும் பரிசு என்று பலர் எண்ணுகின்றனர். பரிசு அன்று, அஃது ஒரு பேரம். ‘உன் புதுமையின் இரகசியத்தை மறைக்காமல் எழுதிக்கொடு; அத்துறையில் தேர்ச்சி பெற்ற வேறொருவன் அதைப் படித்துத் தானே செய்யக்கூடிய அளவுக்கு விளக்கமாக எழுது. அப்படி எழுதினால், குறித்த காலம்வரை உன் இசைவின்றி வேறெவரும் அதைச் செய்யாமலும் விற்காமலும் காக்கிறோம். காலம் முடிந்தபின் அஃது ஊருக்குச் சொந்தம்’ என்பது பேரத்தின் சாரம். இன்றைய இந்தியச் சட்டத்தில் அக்காலம் விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகள். பொருள் புதியதாக இருக்கவேண்டும், அத்துறை அறிந்தவனுக்கு எளிதில் தோன்றக்கூடியதாக இருத்தல் கூடாது, தொழிலுக்குப் பயன்படவேண்டும். எழுதிக்கொடுக்கும் பத்திரத்துக்கு விவரக்குறிப்பு என்று பெயர். அதன் இறுதியில் ‘இவை இவை என் உரிமை’ என்று வரையறுத்துக் கூறும் வாசகங்கள் உரிமைக்கூற்றுகள் எனப்படும். நிலப்பத்திரத்தில் நான்கெல்லை எழுதுகின்றோமே, அதுபோல என்று கொள்ளுங்கள். எல்லையைக் குறுக்கி எழுதினால் அடுத்தவன் வரப்பை நகர்த்தத்தான் செய்வான்.

ஹீத்துக்கு நேர்ந்ததும் அதுவே. இங்கிலாந்து திரும்பிய அவர், உருகும் எஃகில் மாங்கனீசைச் சேர்த்தால் அதன் தன்மை திருந்துகிறது என்று கண்டார். இரும்பில் கலந்துள்ள கந்தகம் எஃகைச் சூட்டில் நொறுங்கச் செய்கிறது. மாங்கனீசு அந்தக் கந்தகத்தைத் தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. இதனால் மட்டமான இரும்பிலிருந்தும் பற்றவைக்கக்கூடிய நல்ல எஃகு செய்ய முடிந்தது. விலையுயர்ந்த சுவீடன் நாட்டு இரும்பையே நம்பியிருந்த ஷெஃபீல்டுக்கு இஃது எத்தகைய வரம் என்று எண்ணிப் பாருங்கள். 1839-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் அவர் காப்புரிமை பெற்றார். மாங்கனீசும் கரியும் முன்னரே சேர்ந்த ஒரு கூட்டுப் பொருளை, எஃகின் எடையில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு வரை மூசையில் இடவேண்டும் என்பது அவர் எழுதிய வாசகம்.

சில காலத்தில் எளிய வழி ஒன்று தெரியவந்தது. அந்தக் கூட்டுப் பொருளைத் தனியே செய்து செலவழிக்கவேண்டியதில்லை. மலிவான மாங்கனீசு ஆக்சைடையும் கரித்தாரையும் நேரே மூசையில் போட்டால், உலையின் சூட்டில் கூட்டுப் பொருள் அங்கேயே உண்டாகிவிடும். ஹீத்தின் முகவராக ஷெஃபீல்டில் இருந்த அன்வின் என்பவர் இவ்வழியைக் கைக்கொண்டு, உரிமைத் தொகை தரவேண்டியதில்லை என்று நின்றுவிட்டார். ‘காப்புரிமையில் எழுதியிருப்பது கூட்டுப் பொருள், நான் இடுவதோ ஆக்சைடும் தாரும்’ என்பது அவர் வாதம். வழக்கு நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறியது. 1851-இல் ஹீத் வறுமையில் மாண்டார். வழக்கு அவரோடு மாளவில்லை. பிரபுக்கள் சபைவரை சென்றது. ஆலோசனை கேட்கப்பட்ட நீதிபதிகளே இருவேறு கருத்தினராய்ப் பிரிந்து நின்றனர். இறுதியில் 1855-இல் தீர்ப்பு ஹீத் தரப்புக்கு எதிராக முடிந்தது. ஷெஃபீல்டு முழுவதும் அவர் கண்ட பயனைத் துய்த்துக்கொண்டிருந்தது. கண்டவருக்குக் கிடைத்ததோ வழக்குச் செலவு.

அன்வின் செய்தது நேர்மையா என்று கேட்டால், இல்லை என்றே நான் சொல்வேன். ஆயினும் சட்டம் நன்றியை அளப்பதில்லை. எழுதிய வாசகத்தை அளக்கின்றது. முப்பத்து நான்கு ஆண்டுகள் பிள்ளைகளுக்குக் கட்டுரை திருத்திய எனக்கு, இவ்வழக்கைப் படிக்கும்போதெல்லாம் ஒன்று தோன்றும். ‘நான் விஞ்ஞானம் படிக்கப் போகிறேன், எனக்கு எதற்கு ஐயா மொழிப்பாடம்?’ என்று கேட்கும் மாணவனிடம் ஹீத்தின் கதையைச் சொல்லலாம். ‘முன்னரே செய்ததாயினும், மூசைக்குள்ளேயே உண்டாவதாயினும்’ என்று ஒரு சிறு தொடரை அவர் சேர்த்திருந்தால் வழக்கின் போக்கு வேறாகியிருக்கக்கூடும்.

வாசகம் சரியாக இருந்தும் உரிமையை இழந்தவர் உண்டு. முதலில் சொன்ன டேவிட் மஷெட்டின் மகன் ராபர்ட் மஷெட். 1856-இல் பெஸ்ஸமர் தம் புகழ்பெற்ற எஃகு முறையை வெளியிட்டபோது அந்த எஃகு பல இடங்களில் நொறுங்கியது. அதில் மாங்கனீசு மிகுந்த இரும்பைச் சேர்த்தால் சீராகும் என்று கண்டு காப்புரிமை பெற்றவர் ராபர்ட். ஆனால் 1859-இல் செலுத்தவேண்டிய முத்திரைக் கட்டணம் 50 பவுன் செலுத்தப்படாமையால் உரிமை வீழ்ந்தது. பரங்கிப்பேட்டைக்காரரின் மாங்கனீசு இரண்டாம் முறையும் காவலின்றிப் போயிற்று!

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் காப்புரிமைச் சட்டம் 1856-இல் பிறந்தது. முதல் விண்ணப்பம் செய்தவர் கல்கத்தாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஆல்பிரட் டிபென்னிங். அவர் அமைத்தது பங்கா இழுக்கும் யந்திரம். மின்விசிறி வராத காலத்தில், கூரையில் தொங்கும் துணி விசிறியை ஓர் ஏழை ஆள் நாள் முழுதும் கயிற்றால் இழுத்துக்கொண்டிருப்பான். அந்தக் கைவேலையை யந்திரத்துக்கு மாற்ற முயன்றார் அவர். வேடிக்கை என்னவென்றால், அரசியாரின் முன்னிசைவு பெறாமல் இயற்றப்பட்டது என்ற காரணத்தால் அச்சட்டமே மறு ஆண்டில் நீக்கப்பட்டது! 1859-இல் புதுச் சட்டம் வந்தது. பிறகு 1911-ஆம் ஆண்டுச் சட்டம் நெடுங்காலம் வழங்கியது. விடுதலைக்குப் பின் நீதியரசர் இராஜகோபால ஐயங்கார் 1959-இல் அளித்த விரிவான அறிக்கையை அடிப்படையாகக் கொண்டு 1970-ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அது 1972-இல் நடைமுறைக்கு வந்து, பல திருத்தங்களோடு இன்றும் நிலவுகின்றது.

மின்பொறியியலில் நமக்கு ஜகதீச சந்திர போஸ் இருக்கின்றார். காப்புரிமையால் பொருளீட்டுவதில் அவருக்கு நாட்டமில்லை. அன்பர்கள் வற்புறுத்தியதன் பேரில் 1901-இல் அமெரிக்காவில் விண்ணப்பம் செய்தார். 1904-ஆம் ஆண்டு மார்ச் 29-ஆம் நாள் 7,55,840 என்ற எண்ணுள்ள காப்புரிமை கிடைத்தது. கலீனா என்னும் ஈயத் தாதுப் படிகத்தைக்கொண்டு மின் அலைகளை உணரும் கருவி அது. பின்னாளில் வீடுதோறும் ஒலித்த படிக வானொலிப் பெட்டிகளுக்கும், அரைக்கடத்திக் கருவிகளுக்கும் அஃது ஒரு முன்னோடி. உரிமையைக் கொண்டு அவர் பணம் தேடவில்லை. ஆயினும் எழுதிப் பதிந்தமையால், யார் முதலில் செய்தார் என்ற கேள்விக்கு நாள், எண், படம் ஆகிய மூன்றும் இன்றும் விடை கூறுகின்றன.

சாலைப் பொறியியலில் அண்மைக்காலச் சான்று மதுரையில் உள்ளது. தியாகராசர் பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் இராஜகோபாலன் வாசுதேவன், நாம் குப்பையில் எறியும் பிளாஸ்டிக்கைத் துண்டு துண்டாக்கி, ஏறத்தாழ 160 பாகை சூடேறிய சல்லியின்மேல் தூவினார். பிளாஸ்டிக் உருகி ஒவ்வொரு கல்லின்மேலும் மெல்லிய தோல்போலப் படிந்தது. அதன்மேல் தார் நன்றாகப் பற்றிக்கொண்டது. நீர் புகும் இடைவெளி குறைந்தது. 2006-இல் கல்லூரிக்குக் காப்புரிமை கிடைத்தது. பெற்ற உரிமையை விலை பேசாமல் நாட்டுக்கே வழங்கினார்கள். கொடுப்பதற்கும் முதலில் அது தமதாக இருக்கவேண்டும் அல்லவா? 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

எழுத்தின் வலிமைக்கு மற்றொரு சான்று மஞ்சள். புண்ணை ஆற்ற மஞ்சள் தூளைப் பயன்படுத்துவது தம் கண்டுபிடிப்பு என்று அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக மருத்துவ நிலையம் 1995-இல் காப்புரிமை பெற்றது. ‘எங்கள் பாட்டி செய்ததுதானே’ என்று நாம் நகைக்கலாம். பாட்டியின் சொல் அந்த அலுவலகத்தில் சான்றாகாது. நம் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களையும் அச்சில் வந்த ஆய்வுக் கட்டுரைகளையும் எடுத்துக் காட்டிய பின்னரே, 1997-இல் அந்த உரிமை நீக்கப்பட்டது. ஆவாரைக் குச்சி இட்டு எஃகு வார்த்த நம் கொல்லரின் பெயர் ஒன்றுகூட நமக்கு எஞ்சவில்லை. அவர்கள் முறையை இன்று விரிவாக அறியவேண்டுமானால் ஹீத்தைப் போன்ற அயலார் எழுதியதைத்தான் தேடவேண்டியிருக்கின்றது. இஃது என் மனத்தை உறுத்துகின்ற செய்தி.

எங்கள் பக்கத்துக் கழிமுகத்தில் படகு எஞ்சினின் சுழல் விசிறியில் வலைக் கயிறும் பாசியும் சிக்கிக்கொள்வது அன்றாடத் தொல்லை. பட்டறைக்காரர் ஒருவர் இரும்புப் பட்டையை வளைத்து அதற்கொரு தடுப்பு அமைத்தார். ஒரு திங்களுக்குள் அக்கம்பக்கத்துப் பட்டறைகளிலெல்லாம் அதே தடுப்பு! அவர் வருந்தவில்லை, ‘நாலு பேர் படகு ஓடட்டும், சார்’ என்றார். அந்த மனம் பெரிது. ஆனால் எந்த வளைவில் எவ்வளவு இடைவெளி விட்டார், முதலில் செய்த இரண்டு ஏன் உடைந்தன என்பவை எந்தத் தாளிலும் இல்லை. நான் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து எழுதச் சொன்னேன். ‘நீங்களே எழுதுங்க சார்’ என்று சிரித்துவிட்டார்.

இறுதியாக, விஞ்ஞானக் கண்காட்சிகளுக்கு மாதிரிகள் செய்யும் மாணவர்களுக்கு ஒரு செய்தி. விண்ணப்பம் செய்யுமுன் உங்கள் புதுமையைப் பலரறிய விளக்கினாலோ, அச்சில் வெளியிட்டாலோ, அது ‘புதியது’ என்னும் தகுதியை இழக்கக்கூடும். சட்டத்தில் சில விலக்குகள் உண்டு. எல்லாக் கண்காட்சியும் அவற்றுள் அடங்காது. ஆகவே முதலில் தற்காலிக விவரக்குறிப்பு ஒன்றைப் பதிந்துவிட்டு, 12 திங்களுக்குள் முழுமையான விவரக்குறிப்பைக் கொடுக்கலாம். தென் மாநிலங்களுக்கான அலுவலகம் சென்னைக் கிண்டியில் இருக்கின்றது. 2021-இல் கல்வி நிலையங்களுக்கான கட்டணம் நூற்றுக்கு எண்பது பங்கு குறைக்கப்பட்டது; உங்கள் கல்லூரி முதல்வரிடம் இதைப் பணிவோடு நினைவூட்டுங்கள். விண்ணப்பங்கள் வழக்கமாகப் பதினெட்டுத் திங்களுக்குப் பின் வெளியிடப்படுகின்றன. கணிப்பொறியில் எவரும் காசின்றிப் படிக்கலாம். போஸ் அவர்களின் காப்புரிமையையும் அவ்வாறே தேடிப் பாருங்கள். படிகத்தின்மேல் முனை தொடும் அந்தப் படத்தை முதலில் பாருங்கள். பிறகு இறுதியில் உள்ள உரிமைக்கூற்றுகளை ஒவ்வொன்றாகப் படித்து, அவர் எல்லைகளை எப்படி வரைந்திருக்கிறார் என்று உங்கள் குறிப்பேட்டில் எழுதிப் பாருங்கள்.