இலவசக் கல்வியும் நாம் கொடுக்கும் நன்கொடையும்



நூற்றாண்டு நிதிக்குப் பணம் கேட்கத்தான் எங்களை மேடையேற்றினார்கள். கேட்கிறோம். அதற்கு முன் ஒரு விடயம்.

1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி லயத்துக்கு வந்து சேர வெகுகாலம் எடுத்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கமிருந்து பஸ் ஏறி வந்த எங்களில் பலர், வீட்டிலேயே முதன்முதலாக ஓ.எல். எழுதியவர்கள். பாடப்புத்தகம் இலவசமாகக் கிடைத்தது. அபிவிருத்திச் சங்கக் காசு கட்ட வேண்டியிருந்தது. கட்டாதவர்களின் பெயரைக் காலைக் கூட்டத்தில் வாசிப்பார்கள். எழுந்து நிற்க வேண்டும். அன்று நின்ற ஒருத்தி இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறாள்.

காசு வாங்கவே கூடாதென்று நாங்கள் சொல்லவில்லை. கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லையென்று பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டிருந்து, சிறுநீர்த் தொற்றோடு கிளினிக்குக்கு வரும் மாணவிகளை நாங்கள் பார்க்கிறோம். அந்தத் தாழ்ப்பாளுக்கு யாராவது கொடுக்கத்தான் வேண்டும். யார், எப்படி என்பதுதான் கேள்வி.

2024 செப்டெம்பரில் தோட்டத்து அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அந்தக் கணக்கில் ஐயாயிரம் என்பது கிட்டத்தட்ட நான்கு நாள் பேராக இருந்தது. லண்டனிலும் டொரோண்டோவிலும் அது ஒரு வேளைச் சாப்பாடு. ‘விரும்பினால் தரலாம்’ என்றுதான் கடிதத்தில் இருக்கும். பிள்ளையைச் சேர்க்க மேசைக்கு முன்னால் நிற்கும் அம்மாவுக்கு ஏது விருப்பம்?

இன்னொன்று நமக்கே கசக்கும். நம் காசெல்லாம் இந்தப் பாடசாலைக்கே வருகிறது. மேலே, ஐந்தாம் வகுப்போடு நிற்கும் தோட்டப் பாடசாலைக்குப் பழைய மாணவர் சங்கம் கிடையாது. அங்கே படித்தவர்கள் கொழும்புக் கடைகளில் நிற்கிறார்கள். மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்கிறார்கள். நாங்களும் அங்கேதான் ‘அ’ எழுதப் பழகினோம். டாக்டரான பிறகு ஒருநாளும் அந்தப் பக்கம் போகவில்லை.

எங்கள் பெட்ச் பேசி முடிவெடுத்தது இது. எங்கள் பங்கில் பாதி, இங்கே பிள்ளைகளை அனுப்பும் தோட்டப் பாடசாலைகளுக்கு. மறுபாதி, கட்ட முடியாத மாணவிகளுக்காக அபிவிருத்திச் சங்கத்துக்கு. யாருக்கென்று எங்களுக்குச் சொல்ல வேண்டாம். அதிபரிடம் ஒரு வேண்டுகோள்: இனி எந்தப் பட்டியலும் கூட்டத்தில் வாசிக்கப்படக் கூடாது. கொடுத்தவர்களின் பட்டியலும்தான்.

படிவங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. தேநீருக்குப் போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.