ஒலிக்காத விளம்பரம்



வகுப்பிலே ஆசிரியர் வரவுப் பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிடுகின்றார். பிள்ளை எழுந்து விடை சொல்ல, அதன் முகத்தைப் பார்த்த பின்னரே வரவு இடுகின்றார். முகத்தைப் பாராமல், பெயர்ப் பட்டியலை மட்டும் பார்த்து எல்லோருக்கும் வரவு இட்டுவிட்டால் அன்றைய பதிவேடு பார்வைக்கு அழகாயிருக்கும். ஆனால், அது உண்மையான பதிவேடு ஆகாது. ஆளில்லாமல் தாமாகவே இயங்கும் வானொலி நிலையங்களில், ஒலிக்க வேண்டிய விளம்பரம் ஒலிக்காமற் போவதைக் கண்டுபிடிப்பது எவ்வாறு என்னும் கேள்வியும் இத்தகையதே.

இலங்கையில் வானொலி 1925ஆம் ஆண்டு திசெம்பர் 16ஆம் நாள் தொடங்கியது. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. அந்நாளில் இசைத்தட்டைச் சுழல விட்டவரும் மனிதரே. கடிகாரத்தைப் பார்த்திருந்தவரும் மனிதரே. ஒரு விளம்பரம் தவறினால், அது தவறிய கணத்திலேயே நிலையத்தில் இருந்த ஒருவருக்குத் தெரிந்துவிடும்.

அமெரிக்காவிலோ 1950களிலேயே ஒலிநாடாக்களைக் கொண்டு நிலையத்தைத் தானாக இயங்கச் செய்யும் முறை வளரத் தொடங்கியது. பாட்டு முடியும் இடத்தில், செக்கனுக்கு 25 அதிர்வுகள் கொண்ட மிகத் தாழ்ந்த ஒலியொன்றை நாடாவிலே பதிந்து வைப்பார்கள். கேட்போரின் செவிக்கு அது புலப்படாது, இயந்திரத்துக்குப் புலப்படும். அதனை உணர்ந்ததும் இயந்திரம் விளம்பர நாடாவை ஓடவிடும். இன்று நாடாக்கள் போய்விட்டன. அவற்றின் வேலையைக் கணினி செய்கின்றது. ஆயினும், அடையாளம் கிடைத்தால்தான் அடுத்தது ஒலிக்கும் என்னும் அடிப்படை மாறவில்லை.

வன்னிப் பெருநிலத்திலே ஏ9 வீதி வழியாகச் செல்வோர், மாங்குளத்துக்கும் கிளிநொச்சிக்கும் இடையே கொக்காவிலில் வானளாவி நிற்கும் கோபுரத்தைக் கண்டிருப்பர். அங்கே முன்பு இருந்த அஞ்சல் நிலையம் 1990ஆம் ஆண்டில் போரிலே அழிந்தது. 174 மீற்றர் உயரமுள்ள இன்றைய கோபுரம் 2011ஆம் ஆண்டு யூன் மாதம் திறந்து வைக்கப்பட்டது. இத்தகைய கோபுரத்தடியில் அறிவிப்பாளர் அமர்ந்திருக்க வேண்டியதில்லை. 250 கிலோமீற்றருக்கு அப்பால், கொழும்பிலே பேசப்படும் சொல் அங்கு வந்து சேர்ந்து, அங்கிருந்து வயலுக்கும் வாடிக்கும் பரவக்கூடும். தூரம் கூடக் கூட, இடையிலே தவறுவதற்கான வழிகளும் கூடுகின்றன.

விளம்பரம் தவறும் வழிகள் பல. ஒலிக்கோப்பு கணினிக்கு வந்து சேராதிருக்கலாம். வந்தும் வெறுமையாக இருக்கலாம். கடிகாரம் சில செக்கன்கள் பிந்தியதால் விளம்பரத்தின் தலையோ வாலோ வெட்டுண்டு போகலாம். தலைமை நிலையம் அனுப்பும் அடையாளத்தைத் தூரத்து நிலையம் உணராது விட்டுவிடலாம். கார்த்திகை, மார்கழி மாதங்களில் வாடைக்காற்றும் மழையும் இடியும் வந்து, மின்சாரம் நின்று, மின்பிறப்பாக்கி இயங்குவதற்கு இடைப்பட்ட அந்த ஒரு நிமிடத்திலேயே விளம்பரத்தின் நேரம் கடந்துவிடலாம்.

இவற்றைக் கண்டறிய மௌன உணர்கருவி என்று ஒன்று உண்டு. குறித்த சில செக்கன்களுக்கு மேல் ஒலி எழாதிருந்தால் அது மணியடிக்கும். பொறியியலாளரின் தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும். நல்ல கருவிதான், ஆனால், அது மௌனத்தை மட்டுமே அறியும். விளம்பரம் வரவேண்டிய இடத்தில் பாட்டு ஒன்று இனிமையாக ஒலித்துக்கொண்டிருந்தால் அக்கருவிக்கு ஐயமே எழாது. கேட்பவர்க்கும் எழாது. பாட்டு நின்றால் முறையிடுவார் உண்டு. விளம்பரம் வரவில்லை என்று முறையிடுவார் யார்? ஆகவே, ஒலிக்காத விளம்பரம் ஓசையின்றியே மறைந்துவிடுகின்றது.

அதனைப் பிடிக்க வேண்டுமாயின் மூன்று ஏடுகளை அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். முதலாவது, இன்ன நேரத்தில் இன்னது ஒலிக்க வேண்டும் என்னும் நிகழ்ச்சி அட்டவணை. இரண்டாவது, தான் இன்னதை ஒலித்ததாகக் கணினி எழுதி வைக்கும் குறிப்பு. மூன்றாவது, வானலையிலே உண்மையாக வந்ததைச் சாதாரண வானொலிப் பெட்டி ஒன்றினால் வாங்கி, இரவும் பகலும் பதிந்து வைக்கும் ஒலிப்பதிவு. முதலாவது எண்ணம், இரண்டாவது வாக்குமூலம், மூன்றாவதே சாட்சி. கொழும்பிலுள்ள கணினி தான் ஒலித்ததாக எழுதியிருக்கும். அவ்வேளை வன்னியிலே கோபுரம் உயிரற்று நின்றிருக்கக்கூடும். கணினி பொய் சொல்லவில்லை. அது தன் வாயை அறியுமேயன்றி, கேட்பவரின் காதை அறியாது. ஆகவே, அந்த வானொலிப் பெட்டி வன்னியிலேயே இருத்தல் வேண்டும்.

இருபத்துநான்கு மணிநேரப் பதிவை ஒருவர் இருந்து கேட்டு முடிப்பது இயலாது என்பது உண்மை. அதற்கும் இன்று வழி உண்டு. மனிதருக்குக் கைரேகை போல ஒவ்வோர் ஒலிக்கும் தனி அடையாளம் உண்டு. விளம்பரத்தின் அடையாளத்தை முன்னரே எடுத்து வைத்துக்கொண்டு, பதிவிலே அது எங்கெங்கு வருகின்றது என்று கணினியே தேடிச் சொல்லும். எது வரவில்லையோ, அதனை மட்டும் மனிதர் கேட்டுப் பார்த்தாற் போதும்.

ஒரு விளம்பரம் தவறினால் உலகம் என்ன முழுகிவிடுமா என்று சிலர் கேட்கலாம். தவறியது சவர்க்கார விளம்பரமானால் மறுநாள் ஒலிபரப்பி ஈடு செய்துவிடலாம். இரணைமடுக் குளத்தின் கீழ்க் காலபோக நெல் அறுவடையாகும் நாள்களை நம்பி, அறுவடை இயந்திர உதிரிப்பாகங்களுக்குச் சிறு வணிகர் ஒருவர் விளம்பரம் கொடுத்தால், அறுவடை முடிந்த பின்னர் அதனை ஒலிபரப்புவதால் அவருக்குப் பயன் இல்லை. இவை இரண்டுக்கும் மேலான ஒன்றும் உண்டு. தமிழ் வானொலியிலே கட்டணம் பெற்று ஒலிபரப்பப்படுவனவற்றுள் மரண அறிவித்தலும் ஒன்று. 'உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும்' என்னும் அந்தச் சொற்களைக் கேட்டு, அடுப்பை அணைத்துவிட்டுப் புறப்பட்ட குடும்பங்கள் எத்தனை!

இடம்பெயர்வுகளால் ஒரே குடும்பம் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் மன்னாரிலுமாகச் சிதறி வாழும் நிலம் வன்னி. கைத்தொலைபேசி வந்துவிட்டது, எனினும், இறந்தவரை அறிந்தோர் எல்லோருடைய இலக்கமும் துயரவீட்டாரிடம் இருப்பதில்லை. முற்பகல் பத்து மணிக்குத் தகனம் என்னும் அறிவித்தல் காலை ஏழு மணிக்கு ஒலிக்காமற் போனால், மறுநாள் அதை இருமுறை ஒலித்தும் பயன் என்ன? கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். கடைசி முகத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

ஆதலால், எல்லாத் தவறுகளையும் ஒரே தட்டில் வைத்தல் தகாது. நாள் தவறினாலும் கெடாதவற்றை மறுநாட் காலை ஏடுகளை ஒப்பிட்டுக் கண்டுபிடிப்பது போதுமானது. நாள் தவறினாற் கெடுவனவற்றை அன்றே பிடித்தல் வேண்டும். நாழிகை தவறினாற் கெடும் மரண அறிவித்தலுக்கோ, அது ஒலிக்கும் வேளையில் வன்னியிலே வானொலிப் பெட்டியருகே ஒருவர் இருந்து கேட்டு, ஒலிக்காவிடின் உடனே நிலையத்துக்குச் சொல்லுதல் வேண்டும். ஒரு நாளில் அதற்கு வேண்டியது சில நிமிடங்களே. தவறு நேர்ந்ததைப் பணம் கொடுத்தவர் கண்டுபிடிக்கும் வரை காத்திராமல், நிலையமே முந்திச் சென்று சொல்வதும் அந்தக் கடமையின் பகுதியே.

ஆளில்லாமல் நிலையத்தை நடத்தலாம். அதிலே குற்றம் இல்லை. ஆனால், கேட்பதற்கும் ஆளில்லாமல் நடத்துதல் ஆகாது. பெயரைக் கூப்பிடுவதை இயந்திரத்திடம் விட்டுவிடலாம். விடை வந்ததா என்று முகத்தைப் பார்த்து வரவு இடவேண்டியவர் மனிதரே.