பிளக்கைப் பிடுங்கிவிட்டால் போதுமா?

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள், "நன்றாகப் படியுங்கள், பெற்றோர் சொல் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு அமர்வது வழக்கம். எனக்கு முன்னால் பேசியவர்கள் அதை அழகாகவே சொல்லிவிட்டார்கள். நானோ ரேடியோ, டிவி, ஆம்பிளிபையர் பழுதுபார்க்கிற தொழிலாளி. ஆகவே என் தொழிலிலிருந்து ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகிறேன். சின்ன விஷயம்தான், ஆனால் உயிர் சம்பந்தப்பட்டது.

நம் கோலசிலாங்கூர் வட்டாரத்தில், ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் என்று எந்தப் பக்கம் போனாலும், கோயில் திருவிழா என்றால் மேடை உண்டு. மேடை என்றால் இசைக்குழு உண்டு. கித்தார், கீபோர்டு, டிரம் என்று நம் பிள்ளைகள் வாசிக்கிறதைக் கேட்க எனக்கும் ஆசைதான். பினாங்கிலிருந்து புறப்பட்டு நாடெங்கும் புகழ்பெற்ற ஆலிகேட்ஸ் குழுவின் லோகநாதனும் டேவிட் ஆறுமுகமும் நம் வீட்டுப் பிள்ளைகள்தானே! எனவே பிள்ளைகள் கித்தாரைத் தொடக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கித்தாரின் ஒலியைப் பெருக்கித் தருகிற பெட்டி இருக்கிறதே, அதைப் பற்றித்தான் பேச்சு.

சில ஆண்டுகளுக்கு முன்பு நடந்ததைச் சொல்கிறேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். திருவிழா முடிந்த மறுநாள் ஓர் இளைஞர், பதினெட்டுப் பத்தொன்பது வயதிருக்கும், பாதிக் கச்சேரியில் ஊமையாகிப்போன கித்தார் ஆம்பிளிபையரைத் தன் வீட்டு அஞ்சடியில் வைத்துப் பிரித்திருக்கிறார். கெட்டிக்காரப் பையன். முதலில் பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுருட்டி, எல்லாரும் பார்க்கத் தரையில் போட்டுவிட்டுத்தான் மூடியைக் கழற்றினார். காலில் ரப்பர் சிலிப்பர் வேறு. உள்ளே கையை விட்ட அடுத்த நொடி, "அம்மா!" என்று ஒரு சத்தம். பையன் பின்னால் போய் விழுந்தார். கையை உதறிய வேகத்தில் பெட்டியின் தகரம் முழங்கை வரைக்கும் கிழித்துவிட்டது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வீட்டுப் பெரியவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "கரண்டே இல்லாத பெட்டி எப்படிடா அடிக்கும்? இது சாமி குத்தம்தான்!"

அந்தப் பெட்டி பிறகு என் பட்டறைக்கு வந்தது. சாமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தப் பெட்டிக்குள் கரண்டு இருந்தது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இருந்தது.

இது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தில் பல தோட்டங்களில் தோட்டத்து எஞ்சின் ஓடுகிற நேரத்தில்தான் லயத்தில் வெளிச்சம். எஞ்சின் நின்றால் விளக்கும் நிற்கும். அந்தப் பழக்கத்தில்தான், "எஞ்சினை நிறுத்திட்டா கரண்டு போச்சு" என்ற எண்ணம் நம் மனத்தில் பதிந்துவிட்டது. விளக்குக்கு அது சரி. ஆனால் அதே தோட்டத்தில் உயரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியும் இருக்குமே! பம்பை நிறுத்திய பிறகு குழாயைத் திறந்தால் என்ன ஆகும்? தண்ணீர் கொட்டும். பம்பு நின்றாலும் தொட்டி நிறைந்துதானே இருக்கிறது!

ஆம்பிளிபையருக்குள்ளும் அப்படிப்பட்ட தொட்டிகள் உண்டு. அவற்றுக்கு மின்தேக்கி என்று பெயர். பட்டறையில் நாங்கள் கப்பாசிட்டர் என்போம். வீட்டுக்கு வருகிற மின்சாரம் முன்னும் பின்னும் நொடிக்கு 50 முறை ஆடுகிற மின்சாரம். அதை அப்படியே விட்டால் ஒலிபெருக்கியில் "ம்ம்ம்" என்ற இரைச்சல்தான் கேட்கும். அந்த ஆட்டத்தைச் சமப்படுத்த, மின்சாரத்தைத் தேக்கி வைத்துச் சீராக வெளிவிடுகிற வேலையை மின்தேக்கி செய்கிறது.

மின்தேக்கி புதிய சாமான் அல்ல. 1745, 1746ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவில் அதைக் கண்டுபிடித்தார்கள். உள்ளும் புறமும் கடத்தி வைத்த ஒரு கண்ணாடிக் குடுவைதான் அது. ஹாலந்து நாட்டு லைடன் நகரின் பெயரால் லைடன் குடுவை என்பார்கள். 1746இல் நொலே என்ற பிரெஞ்சு அறிஞர், அரசர் முன்னிலையில் 180 காவல் வீரர்களைக் கைகோத்து நிற்கச் சொல்லி, அந்தக் குடுவையின் மின்சாரத்தை அவர்கள் வழியாகச் செலுத்தினார். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் துள்ளினார்கள். அப்போது உலகத்தில் மின்நிலையம் இல்லை, கம்பம் இல்லை, பிளக்கு இல்லை. ஒரு குடுவையில் தேங்கிய மின்சாரமே 180 வீரர்களைத் துள்ள வைத்ததென்றால், பிளக்கு தரையில் கிடப்பதைப் பார்த்து நாம் தைரியம் கொள்ளலாமா?

இப்போது கித்தார் பெட்டிக்கு வருவோம். 1947இல் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, வீட்டு ரேடியோக்களில் இருந்த கண்ணாடி வால்வுகள் கொஞ்சங் கொஞ்சமாக மறைந்துவிட்டன. ஆனால் கித்தார் வாசிக்கிறவர்கள் வால்வை விடவில்லை. வால்வு தருகிற கனமான, கரகரப்பான ஓசைதான் அவர்களுக்கு உயிர். அதனால் வால்வு ஆம்பிளிபையர்களை இன்றைக்கும் புதிதாகவே செய்து விற்கிறார்கள். வால்வு வேலை செய்ய உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும். நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட்டு. பெரிய வால்வு பெட்டிக்குள்ளே டிரான்ஸ்பார்மர் அதை உயர்த்தி, மின்தேக்கியில் 400, 500 வோல்ட்டு வரைக்கும் தேக்குகிறது. அதாவது, சுவரில் உள்ளதைவிடப் பெட்டிக்குள் தேங்கியிருப்பது அதிகம்!

கணக்கில் விருப்பமுள்ள மாணவர்கள் இதைக் கவனிக்கலாம். 50 மைக்ரோபாரட் அளவுள்ள ஒரு மின்தேக்கியில் 450 வோல்ட்டு தேங்கினால், அதில் ஏறக்குறைய 5 ஜூல் ஆற்றல் இருக்கும். ஒரு கிலோ அரிசியை அரை மீட்டர் தூக்குகிற ஆற்றல்தான் அது. "இவ்வளவுதானா?" என்று தோன்றும். ஆனால் அது எவ்வளவு நேரத்தில், எந்த வழியாகப் போகிறது என்பதில்தான் ஆபத்து. மனித உடம்பின் மின்தடையை 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், தொட்ட முதல் கணத்தில் பாய்வது அரை ஆம்பியருக்குக் கிட்டத்தட்ட வரும். அதில் பெரும்பகுதி ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் உடம்பு வழியே இறங்கிவிடும். ஒரு கை பெட்டியின் இரும்பிலும் இன்னொரு கை மின்தேக்கியிலும் இருந்தால், அது போகிற வழி நம் நெஞ்சு. அங்கேதானே இதயம் இருக்கிறது!

அந்தப் பையனின் ரப்பர் சிலிப்பர் ஏன் காப்பாற்றவில்லை என்பதும் இப்போது விளங்கும். சுவர் மின்சாரம் உடம்பு வழியாக மண்ணைத் தேடி ஓடும்; அதற்குச் சிலிப்பர் ஓரளவு தடை போடலாம். மின்தேக்கியின் கரண்டுக்கு மண் தேவையில்லை. அது புறப்படுகிற இடமும் போய்ச் சேருகிற இடமும் பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. இதே காரணத்தால், வீட்டில் கசிவு மின்சாரத்தைக் கண்டுபிடித்து உடனே வெட்டிவிடுகிற இ.எல்.சி.பி. சுவிட்சும் இங்கே உதவாது. பிளக்கைப் பிடுங்கிய பெட்டிக்கும் அந்தச் சுவிட்சுக்கும்தான் தொடர்பே இல்லையே!

"ஆம்பிளிபையர் செய்கிற கம்பெனிக்காரனுக்கு இது தெரியாதா?" என்று ஒரு தம்பி கேட்கலாம். தெரியும். பல பெட்டிகளில், சுவிட்சை அணைத்த பிறகு மின்தேக்கியை மெல்ல வடியவிட ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். தொட்டியின் அடியில் ஒரு சிறு துளை போல அது. சொன்ன அளவுள்ள மின்தேக்கியில் 220 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருந்தால், ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் வடிந்துவிடும். ஆனால் எல்லாப் பெட்டியிலும் அது இருப்பதில்லை. இருந்தாலும், நாள்பட்ட பெட்டியில் அது கருகிப்போயிருக்கலாம். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. வடிய வழியில்லாத மின்தேக்கி மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில்கூட மின்சாரத்தை வைத்துக்கொண்டிருக்கும்.

இங்கே ஒன்றை நன்றாகக் கவனியுங்கள். நன்றாகப் பாடுகிற பெட்டியை யாராவது திறப்பார்களா? பழுதான பெட்டியைத்தான் திறக்கிறோம். பழுதான பெட்டியில்தான் வடிகிற வழியும் பழுதாகி இருக்கக்கூடும். ஆகவே, நாம் திறக்கிற பெட்டிதான் மற்றப் பெட்டிகளைவிட ஆபத்தான பெட்டி.

"ஸ்குரூடிரைவரை வெச்சு ஒரு தட்டு தட்டுனா எல்லாம் போயிடும் அண்ணே" என்று சில பிள்ளைகள் என்னிடமே பாடம் நடத்துவார்கள். அப்படித் தட்டினால் படாரென்று தீப்பொறி பறக்கும்; உருகிய உலோகம் கண்ணில் தெறிக்கலாம்; மின்தேக்கியும் கெடும். அதுமட்டுமல்ல, வற்றிய கிணறு மறுபடியும் ஊறுவதுபோல, காலி செய்த மின்தேக்கியிலும் கொஞ்சம் மின்சாரம் மீண்டும் ஊறும். தொழில் தெரிந்தவர் மீட்டர் வைத்து அளப்பார், தகுந்த ரெசிஸ்டர் வழியாக மெதுவாக வடிப்பார், மறுபடியும் அளப்பார். உள்ளே கையை விடும்போது ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். இவ்வளவு செய்த பிறகும் பயபக்தியோடுதான் தொடுவார்.

"எங்க வீட்டில் கித்தாரே இல்லையே" என்று அம்மாமார்கள் நினைக்க வேண்டாம். உங்கள் அடுப்படியில் மைக்ரோவேவ் இருக்கிறதா? அதற்குள் இருக்கிற மின்தேக்கி ஏறக்குறைய 2,000 வோல்ட்டைத் தாங்குவது. கித்தார் பெட்டியைவிடப் பொல்லாதது. மூலையில் போட்டு வைத்திருக்கிற பழைய குண்டு டிவியின் படக்குழாயில் 20,000 வோல்ட்டுக்கு மேல் ஏறியிருக்கும். கம்ப்யூட்டரின் பவர் சப்ளையில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கும். பழைய இரும்புக் கடைக்குப் போடுவதற்காக இவற்றைப் பிள்ளைகள் சுத்தியலால் உடைத்துச் செம்புக் கம்பி எடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதை அனுமதிக்காதீர்கள்.

பிளக்கு மாட்டியிருக்கும்போது வருகிற ஆபத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் தேதி, வேல்ஸ் நாட்டின் சுவான்சி நகரில், லெஸ்லி ஹார்வி என்ற கித்தார் கலைஞர், கையில் கித்தாருடன் மைக்கைத் தொட்டதும் மின்சாரம் தாக்கி இறந்துபோனார். மேடையில் இருந்த சாதனங்களுக்குச் சரியான எர்த் இல்லாததுதான் காரணம். கித்தாரின் கம்பி ஆம்பிளிபையரின் எர்த்தோடு சேர்ந்தது. எர்த் கெட்டால், கம்பியைத் தொடுகிற விரலுக்கு ஆபத்து. நம் ஊரில் என்ன செய்கிறோம்? இரண்டு கால் பிளக்கை மூன்று துளை சாக்கெட்டில் நுழைக்க, மேல் துளையில் பேனாவைக் குத்தித் திறக்கிறோம். மழை ஈரத்தில் புல்தரை மேலே வயரை இழுத்து மேடை போடுகிறோம். திருவிழாக் குழுவினர் இதைக் கொஞ்சம் மனத்தில் வைக்க வேண்டும்.

மாணவச் செல்வங்களே, நான் சொன்னதில் மூன்றை மட்டும் மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். முதலாவது, பிளக்கைப் பிடுங்கியது வேலையின் தொடக்கம்தான். அதனால் மூடியைத் திறக்க உங்களுக்கு உரிமை வந்துவிடாது. இரண்டாவது, பழுதான பெட்டியைத் தொழில் கற்றவரிடம் கொடுங்கள். கூலி கொஞ்சம் ஆகும், பரவாயில்லை. மூன்றாவது, யாருக்காவது கரண்டு அடித்தால், முதலில் சுவிட்சை அணையுங்கள், அணைக்கும் முன் அவரைத் தொடாதீர்கள், 999க்குக் கூப்பிடுங்கள். எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்லே, நல்லாதான் இருக்கேன்" என்று சொன்னாலும் மருத்துவமனைக்கு அழைத்துப் போய் இதயத்தைப் பார்த்துவிடுங்கள். நம் வட்டாரத்துக்குத் தஞ்சோங் காராங் மருத்துவமனை இருக்கிறது.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெட்டியைத் திறந்து பார்க்க ஆசைப்படுகிற பிள்ளையைத் திட்டாதீர்கள். அந்த ஆசை நல்ல ஆசை. அதை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வழி காட்டுங்கள். நம் நாட்டில் தொழிற்பயிற்சி நிலையங்களில் படித்து மலேசியத் திறன் சான்றிதழ் வாங்கலாம். மின்கம்பி வேலைக்கு எரிசக்தி ஆணையம் தகுதிச் சான்றிதழ் கொடுக்கிறது. பரீட்சையில் பின்தங்கிய பிள்ளை என்று நாம் ஒதுக்கிவிட்ட ஒருவன், நாளைக்கு அந்தச் சான்றிதழைச் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டி, நம் வீட்டு வயரிங்கைச் செய்து கொடுப்பான்.

நான் சொன்ன அந்தப் பையன் என்ன ஆனார் என்று நீங்கள் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். கையில் தையல் ஆறியதும் என் பட்டறைக்கு வந்து, "அண்ணே, அது ஏன் அடிச்சுது?" என்று கேட்டார். உங்களிடம் சொன்னதையெல்லாம் அவரிடமும் சொன்னேன். பிறகு தொழிற்பயிற்சிக்குப் போய், இன்றைக்கு ஒரு தொழிற்சாலையில் மின்பிரிவில் வேலை செய்கிறார். திருவிழாவில் இன்னமும் கித்தார் வாசிக்கிறார்.