தொலைவிலிருந்தே கூடி விளையாடல்

நண்பர்கள் ஓரிடத்தில் கூடுவது ஒரு வகை. ஆளுக்கோர் ஊரில் இருந்தபடியே திரையின் வழியாகக் கூடுவது மற்றொரு வகை. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபின், இந்த இரண்டாம் வகைக் கூட்டம் பல வீடுகளில் இடம்பெற்றது. ஊரடங்கு நீங்கிவிட்டது, ஆயினும் அந்தப் பழக்கம் முற்றும் நீங்கவில்லை. நண்பர்கள் வாழும் ஊர்கள் இன்றும் அதே தொலைவில்தானே இருக்கின்றன!

இத்தகைய கூட்டத்தில் ஒரு குறை உண்டு. கால் மணி நேரத்தில் நலம் உசாவுதல் முடிந்துவிடும். அதன்பின் பேச்சு வல்லார் இருவர் பேசுவர், ஏனையோர் கேட்டுக்கொண்டிருப்பர். நேரில் கூடினால் இருவர் திண்ணையில் தனியே பேசலாம். மூவர் அடுக்களைப் பக்கம் ஒதுங்கலாம். திரையிலோ ஒரு நேரத்தில் ஒரு குரல்தான் ஒலிக்க முடியும். இக்குறையை நீக்கவே பலர் வீடியோ விளையாட்டுகளை நாடினர். அவற்றுள் எது நல்லது என்பதை எந்த அளவுகோல் கொண்டு அறிவது?

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். ஆசிரியர் பயிற்சி பெற்ற காலத்தில் ஒரே விடுதியில் தங்கியிருந்த நாங்கள் ஏழு பேர், ஞாயிறு மாலைதோறும் திரையில் சந்திப்பது வழக்கம். எங்களுள் ஒருவர் மனைவியை இழந்து தனியே வாழ்பவர். செவிப்புலனும் சற்றே மந்தம். ஒருநாள், தோற்றவரை ஒவ்வொருவராக வெளியேற்றும் விளையாட்டு ஒன்றைத் தேர்ந்தோம். இருமுறையும் அவரே முதலில் வெளியேறினார். நாங்கள் ஆரவாரம் செய்துகொண்டிருந்தோம், அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. இணையத் தொடர்பு சரியில்லை என்றார். மூன்று வாரங்கள் அவ்வாறே கழிந்தபின்தான், பழுது தொடர்பில் இல்லை, எங்கள் தேர்வில் இருந்தது என்று உணர்ந்தோம்.

தலைமை ஆசிரியனாக நான் வகுப்புகளைப் பார்வையிடச் செல்லும்போது முதல் வரிசையைப் பார்ப்பதில்லை. அங்கே என்றும் கைகள் உயர்ந்துதான் இருக்கும். கடைசிப் பெஞ்சில் இருப்பவன் முகத்தைப் பார்த்தால் பாடம் நடக்கும் விதம் தெரிந்துவிடும். அறுபது வயதைக் கடந்து விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தப் பாடத்தை நானே மறந்துவிட்டேன். நண்பர் கூடும் விளையாட்டையும் அந்தக் கண்கொண்டே மதிப்பிடுதல் வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் ‘அமங் அஸ்’ என்னும் விளையாட்டைக் காண்போம். 2018இல் அமெரிக்காவில் வெளிவந்த இது, 2020இல்தான் உலகெங்கும் பரவியது. விண்கலத்தில் பணிபுரிவோர் நடுவே வஞ்சகர் சிலர் கலந்திருப்பர். கூடிப் பேசி, வாக்களித்து, அவரைக் கண்டுபிடித்து வெளியேற்ற வேண்டும். 1986இல் மாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் திமித்ரி தவிதோவ் என்பவர் அமைத்த ‘மாஃபியா’ என்னும் விளையாட்டே இதன் மூலம். ஐயுறவும் வாதமும் நிறைந்த இது இளைஞர் கூட்டத்துக்கு மிக ஏற்றது. ஆனால் இதில் கொல்லப்பட்டவர் தம் பணிகளைத் தொடரலாமே தவிர, உயிரோடிருப்பவரிடம் பேச இயலாது. மேலும், உருவத்தை விரைந்து நகர்த்தும் விரற்பழக்கமும் வேண்டும். நண்பரோடு பேசுவதற்காகக் கூடியவரை வாய்மூடி இருக்கச் செய்வது பொருத்தமாகுமா?

அடுத்தது ‘ஜாக்பாக்ஸ்’ தொகுப்பு. 2014இல் இதன் முதல் தொகுப்பு வெளிவந்தது. ஒருவர் விலைக்கு வாங்கினால் போதும். ஏனையோர் தத்தம் கைப்பேசியில் நான்கெழுத்துக் குறியீட்டை இட்டு உள்ளே வரலாம். செலவும் சிரமமும் குறைவு என்பதால், நுழைவாயிலைப் பொறுத்தவரை இதற்கு உயர்ந்த மதிப்பெண் தரலாம். இதிலுள்ள ‘குவிப்லாஷ்’ என்னும் ஆட்டத்தில், ஒரே வினாவுக்கு இருவர் நகைச்சுவையாக விடை எழுத, மற்றவர் வாக்களிப்பர். எவரும் வெளியேறுவதில்லை. ஆயினும் வினாக்கள் ஆங்கிலத்தில் அமைந்தவை. பல அமெரிக்க வாழ்க்கையைத் தழுவியவை. ஆங்கிலம் சரளமாக வராதவர் இங்கே கடைசிப் பெஞ்சுக்குச் சென்றுவிடுவர். ஒருவர் தம் திரையைப் பிறருக்குக் காட்டும்போது காட்சி சற்றுப் பிந்தியே சென்று சேரும் என்பதையும் மறத்தலாகாது.

மூன்றாவது, ‘ஸ்கிரிபிள்’ என்னும் ஓவிய விளையாட்டு. ஒருவர் படம் வரைய, மற்றவர் அது குறிக்கும் சொல்லைக் கண்டறிந்து எழுத வேண்டும். இதற்குப் பொருட்செலவு இல்லை. கூட்டத்தை அமைப்பவர் தாம் விரும்பும் சொற்களை முன்னரே இட்டு வைக்கலாம். வரையும் நேரத்தையும் கூட்டிக்கொள்ளலாம். முந்திச் சொல்பவருக்கே மிகுந்த மதிப்பெண் என்பதால், விரைந்து தட்டச்சுச் செய்யத் தெரியாதவர் பின்தங்குவர். நேரத்தைக் கூட்டி வைத்தால் இக்குறை ஓரளவு தணியும்.

நான்காவது, பிரேசில் நாட்டவர் உருவாக்கிய ‘கார்ட்டிக் போன்’. செவியோடு செவியாகச் சொன்ன செய்தி, கடைசி ஆளை அடைவதற்குள் திரிந்துபோகும் பழைய விளையாட்டை நாம் அறிவோம். அதுவே இங்கே ஓவியமாக நடைபெறுகிறது. ஒருவர் ஒரு வாக்கியம் எழுதுவார். அடுத்தவர் அதைப் படமாக வரைவார். மூன்றாமவர் அப்படத்தை மட்டும் பார்த்து மீண்டும் வாக்கியம் எழுதுவார். எல்லோரும் ஒரே நேரத்தில் ஈடுபட்டிருப்பர். எவரும் வாளா இருப்பதில்லை. தமிழிலேயே எழுதலாம். வெற்றி தோல்வியும் இதன் முதன்மை நோக்கம் அன்று. இறுதியில் வாக்கியம் படிப்படியாகத் திரிந்த கதை திரையில் விரியும்போது, ஓவியம் வரையத் தெரியாதவரே கூட்டத்தை மிகுதியாகச் சிரிக்க வைப்பார்!

நான்காம் வாரம் நாங்கள் இதைத் தேர்ந்து, அந்த நண்பரை வற்புறுத்தி அழைத்தோம். ‘விடுதிக் காப்பாளர் மிதிவண்டியில் வருகிறார்’ என்பது தொடக்க வாக்கியம். நண்பர் வரைந்த மிதிவண்டியை அடுத்தவர் மூக்குக்கண்ணாடி என்று கொண்டார். முடிவில் காப்பாளர் மூக்குக்கண்ணாடியின் மீது ஏறி வந்தார். அன்று அவர் சிரித்ததைக் கேட்டோம். பின்னர் விடுதிக் கதைகளை அவரே சொல்லத் தொடங்கினார். விளையாட்டு நின்றது, பேச்சு ஒரு மணி நேரம் நீண்டது. அவ்வாறு நின்றதே அந்த விளையாட்டின் வெற்றி என்பேன்.

எனவே, நண்பர் கூட்டத்துக்கு விளையாட்டைத் தேர்வோர் நான்கு வினாக்களைத் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். மிக எளிய கைப்பேசி உடையவரும் இதில் நுழைய முடியுமா? அனைவருக்கும் தெரிந்த மொழியில் ஆட முடியுமா? தோற்றவருக்கும் இறுதிவரை வேலை உண்டா? ஆட்டத்தினிடையே பேச்சுக்கு இடம் உண்டா? புகழையும் புதுமையையும் அதன்பின் எண்ணிப் பார்க்கலாம்.

வெல்பவர் எப்படியும் மகிழ்வார். அவரைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை. அடுத்த வாரக் கூட்டத்துக்கு ஒருவர் வாராதிருப்பாரானால், காரணம் கேட்பதற்கு முன், கடந்த வாரம் அவர் எத்தனை நேரம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை நினைவுகூர்வோமாக.